குளத்தின் மேல் கிடந்த வெளிச்சம்

கங்காவுக்கு எதைக் கண்டாலும் குமட்டும் என்று உலு யாம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. அடுத்தவர் வாய் வைத்த குவளையை அவள் தொட மாட்டாள். கோயில் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவரின் கட்டைவிரல் சாம்பாருக்குள் நனைகிறதா என்றுதான் கண் போகும். நனைந்துவிட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். பேருந்தில் யாராவது தொண்டையைக் காறினால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. இவளை எந்த மகாராசன் வந்து கட்டிக்கொண்டு போவானோ என்று லயத்துப் பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும். விழட்டும் என்று விட்டுவிடுவாள்.

1985ஆம் வருடத்தில் அவளுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா சின்னையா, தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டியவர். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இராஜம்மா மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தாள். முதுகில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே நடந்து, களைக்கு மருந்து தெளிக்கிற வேலை. பெண்களுக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார்கள். அதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. இராஜம்மாவுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். விரல் நகங்கள் கறுத்துப்போய், இரண்டு நகங்கள் விழுந்தே விட்டன. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் மருந்து நெடி அந்தக் கையை விட்டுப் போகாது. பெற்ற தாயின் கையைப் பார்த்து ஓங்கரிக்கிறோமே என்று கங்காவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருக்கும். ஆனாலும் அம்மா பிசைந்து வைக்கிற சோற்றை அவளால் வாயில் வைக்க முடியவில்லை. நானே போட்டுக்கிறேன் என்று தட்டை வாங்கிக்கொள்வாள். இராஜம்மாவுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பு தண்ணீர்தான். ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையின் முனையிலும் ஒரு குழாய். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒரு குளம். அதிலிருந்து மோட்டார் போட்டு மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய்க்கு விடுவார்கள். மழைக்காலத்தில் அது தேயிலைச் சாயம் போல வரும். மழை விட்டால் நிறம் தெளியும், ஆனால் ஒரு வாடை அடிக்கும். அழுகியதும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாடை. கங்கா குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வைப்பாள். சாயங்காலம் அவிழ்த்தால் உள்ளே கோழை மாதிரி வழுவழுவென்று ஏதோ இருக்கும். இராஜம்மா அதை அலசிவிட்டுத் திரும்பவும் கட்டுவாள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசர் எல்லாருக்கும் ஊதா மருந்தைத் தடவி அனுப்புவார். ஊதாப் புள்ளிகளோடு ஒரு பட்டாளம் பிள்ளைகள் லயத்தில் ஓடித் திரிவார்கள். அதைப் பார்த்தால் கங்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் குளத்தைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் கண்ணில் படுவது அதுதான். வெள்ளித் தகட்டை விரித்துப் போட்டது போல மினுங்கும். மேகமும் மலையும் தலைகீழாகத் தெரியும். கல்யாணம் ஆனவர்கள் அதன் கரையில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். கங்காவுக்குக்கூட அந்தக் குளம் பிடிக்கும். அந்தத் தோட்டத்தில் அவள் முகம் சுளிக்காமல் பார்த்த ஒரே இடம் அதுதான்.

அந்த வருடம்தான் அவளுக்கு ராவாங்கில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எண்கள் கறுப்பாகத் தெரியும் டிஜிட்டல் கைக்கடிகாரங்களுக்கு முகப்பு செய்கிற இடம். காலையில் தொழிற்சாலை பஸ் உலு யாமில் ஏற்றிக்கொள்ளும். உள்ளே போனால் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையுறை. தரையில் ஒரு தலைமுடி கிடந்தால்கூடச் சத்தம் போடுவார்கள். கங்கா பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான் என்று வேலைக்குப் போன முதல் நாளே அவளுக்குத் தோன்றியது. அங்கே எட்டு மணி நேரம் இருந்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால், முன்பு பொறுத்துக்கொண்டதெல்லாம் இப்போது பொறுக்கவில்லை. குழாயைத் திறக்கும் முன்பே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள்.

அவளுடைய வேலை, கடிகார முகப்புக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் புகை நிறத்தில் ஒரு பிலிமை ஒட்டுவது. பார்ப்பதற்கு மங்கலான பிளாஸ்டிக் தாள் போலத்தான் இருக்கும். அதை எந்தப் பக்கமாக வைத்து ஒட்ட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மாற்றி ஒட்டினால் எண்ணே தெரியாது. புதுப்பெண்கள் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், லைன் லீடராக இருந்த சீனப் பெண் மிஸ் லிம் ஒரு நாள் இடைவேளையில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். பிலிமில் இரண்டு துண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். வெளிச்சம் தெரிந்தது. ஒன்றை மட்டும் மெல்லத் திருப்பினாள். இருட்டிக்கொண்டே வந்து, குறுக்காக நின்றதும் கரிக்கட்டை போலக் கறுத்துவிட்டது. இன்னும் திருப்பினாள், திரும்ப வெளுத்தது.

பிறகு பெட்டி கட்டுகிற கயிறு ஒன்றை எடுத்து, ஜன்னலில் நெட்டுக்குத்தாக இருந்த கம்பிகளுக்கு நடுவே விட்டு, மறுமுனையை ஒருத்தியைப் பிடிக்கச் சொன்னாள். கயிற்றை மேலும் கீழுமாக உதறினாள். அலை கம்பிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. இடமும் வலமுமாக உதறினாள். கம்பியில் அடித்து அங்கேயே செத்துப்போனது. வெளிச்சமும் இப்படித்தான் அலையாக நடுங்கிக்கொண்டு வருகிறது, இந்தப் பிலிம் கம்பி மாதிரி, ஒரு பக்கத்து நடுக்கத்தை விடும், இன்னொன்றை விடாது என்று மலாயில் சொன்னாள். கடைசியில் தன் கையிலிருந்த துண்டை மெழுகு பூசிய தரைக்கு நேராகச் சாய்வாகப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். தரையில் கண்ணைக் கூசிய பளபளப்பு அணைந்து, அடியில் இருந்த கீறல்கள் தெரிந்தன. தரையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் படுத்தவாக்கில்தான் நடுங்குமாம். பிலிமை நிமிர்த்திப் பிடித்தால் அது உள்ளே வராதாம்.

மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கேண்டீனுக்குப் போய்விட்டார்கள். கங்கா மட்டும் குப்பைக் கூடையில் கிடந்த ஒரு ரிஜெக்ட் துண்டைக் காட்டி, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். உள்ளங்கை அளவு இருக்கும். எடுத்துக்கொள் என்று மிஸ் லிம் கையசைத்தாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு அதுவே வேலையாயிற்று. வெயிலில் மினுங்கிய தார்ச் சாலையைப் பார்த்தாள். மினுமினுப்பு போய் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. செம்பனை ஓலைகளைப் பார்த்தாள். மேலே பூசினாற்போல் இருந்த வெள்ளை மினுக்கு உதிர்ந்து, பச்சை அடர்ந்து நின்றது. லயத்துத் தகரக் கூரையிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. எப்படித் திருப்பினாலும் தகரம் தகரமாகவே கண்ணைக் கூசியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளத்துக் கரைக்குப் போனாள். பல வாரமாக மழை இல்லை. தண்ணீர் அசையாமல், சேறெல்லாம் அடியில் படிந்து கிடந்தது. வானம் வெளேரென்று இருந்தது. குளமும் அப்படியே வெளேரென்று மினுங்கியது. கரையில் நின்று, மோட்டார்க் குழாய் இறங்குகிற பக்கமாகச் சாய்வாகப் பார்த்து, பிலிமைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பினாள்.

மேலே கிடந்த வெளிச்சம் போர்வையை உருவியது போலப் போய்விட்டது. அடித்தரை தெரிந்தது. முதலில் அவள் அதைப் பாறை என்று நினைத்தாள். பாறை இல்லை. மருந்து அடைத்து வருகிற நீல நிறப் பிளாஸ்டிக் தோம்புகள், பீப்பாய் பீப்பாயாக. ஒன்று இரண்டல்ல, சரிந்து விழுந்த மூட்டைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, பச்சைப் பாசி மூடிக் கிடந்தன. வாய் திறந்து, உள்ளே சேறு அடைத்திருந்தது. நடுவே மருந்து அடிக்கிற பழைய ரப்பர்க் குழாய்கள் குடலைப் போலச் சுருண்டு கிடந்தன. பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு. வாயைக் கல்லோடு சேர்த்துக் கட்டிப் போட்டது. சாக்கு இற்றுப்போய், உள்ளேயிருந்து ஒரு நாயின் தாடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோலும் முடியும் தண்ணீரில் மெல்ல மெல்ல அசைந்தன. அதற்கு இரண்டு முழம் தள்ளித்தான் மோட்டார்க் குழாயின் வாய் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கையை இறக்கினாள். மேகம், மலை, வெள்ளித் தகடு. கையை உயர்த்தினாள். நாயின் தாடை.

அன்று காலையில் அவள் குடித்திருந்த தேநீர் அப்படியே வெளியே வந்தது. கரையில் மண்டியிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லாத பிறகும் ஓங்கரித்துக்கொண்டே இருந்தாள். வாயைக் கழுவ வேண்டும். கழுவ அந்தத் தண்ணீர்தான் இருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இராஜம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குளத்துக்குள் தோம்பு கிடக்கிறதே, யார் போட்டது என்று கங்கா கேட்டாள். இராஜம்மா மீனைக் கழுவுவதை நிறுத்தவில்லை. 

“நாங்கதான்.”

காலித் தோம்பைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்பதுதான் நிர்வாகத்தின் உத்தரவாம். குழி வெட்ட ஆள் விட்டால் அன்றைய மருந்தடி குறையும் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் உடையப்பன் கணக்குப் பார்த்தார். குளத்தில் அமுக்கிவிடுங்கள் என்றார். பம்ப்புகளையும் அங்கேயே கழுவச் சொன்னார். இது நேற்று இன்று நடந்ததில்லை, கங்கா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே நடக்கிறது.

“அந்தத் தண்ணியத்தான் நாம குடிக்கிறோம்னு தெரியாதாம்மா உங்களுக்கு?”

“தெரியும்லா. தெரியாம என்ன? ஒரு தடவ கேட்டேன். தண்ணி எல்லாத்தயும் கழுவிக்கிட்டுப் போயிடும், உனக்கு வேல வேணுமா வேணாமான்னாரு. அப்ப உங்கப்பா செத்து ஒரு மாசம்.”

இராஜம்மா மீனைச் சட்டியில் போட்டாள். கங்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நெடி வெளியிலிருந்து வருகிறது என்றல்லவா இத்தனை வருடம் ஒதுங்கிப்போனோம், தன் வயிற்றுக்குள்ளும் அதுதானே இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன் உடம்பே அசிங்கமாகத் தெரிந்தது. தோலை உரித்து அலசிப் போட முடிந்தால் போட்டிருப்பாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். பெரிய கிராணி சிவானந்தம், துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தை நடத்துகிறவர். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. நல்ல மனிதர் என்றுதான் பெயர். கோயில் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கங்கா சொன்னதைக் கேட்டுவிட்டு அவளோடு கரை வரைக்கும் வந்தார். எட்டிப் பார்த்தார். தனக்கு வானம்தான் தெரிகிறது என்றார். அவள் பிலிமைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள்.

அவர் கண்ணில் வைத்துத் திருப்பினார். ஒரு கணம் கை நின்றது. கன்னத்துச் சதை இழுத்துக்கொண்டது. ஆக, அவருக்கும் தெரிந்துவிட்டது என்று கங்காவுக்கு நெஞ்சு லேசாயிற்று. அவர் பிலிமைத் திருப்பிக் கொடுத்தார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். அவர் தண்ணீரைத் தொடக்கூட இல்லை.

“இது கம்பெனி சாமான்தான? நீ வெளிய கொண்டாந்திருக்க. அத நான் பேசல. ஆனா இந்த வித்தைய யாருகிட்டயும் காட்டிக்கிட்டுத் திரியாத. போட்டது யாரு? மருந்தடிக்கிற பொம்பளைங்க. விசாரணைன்னு வந்தா மொதல்ல உங்கம்மா பேருதான் வரும். யோசிச்சுக்க.”

“கிராணி ஐயா, உங்க வீட்டுப் பிள்ளைங்களும்தான குடிக்குது?”

கேட்ட பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. துரை பங்களாவுக்கும் கிராணிமார் வீடுகளுக்கும் மலைக்கு மேலே ஊற்றிலிருந்து தனிக் குழாய். அவர் முகத்தில் மெல்லிய ஒரு சிரிப்பு வந்து போனது. நாயின் தாடையைப் பார்த்தபோது வந்த குமட்டலைவிட அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வந்தது பெரிது என்று கங்கா பின்னாளில் சொல்வாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தோட்டத்துத் தண்ணீரைத் தொடவில்லை. தொழிற்சாலையிலிருந்து பாட்டில்களில் பிடித்துவந்தாள். அம்மாவுக்கும் அதையே கொடுத்தாள். குழாயடியில் பக்கத்து வீட்டு லீலாவதி தன் கைக்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவதைப் பார்த்தபோதுதான், இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்கும் கிராணிக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவிடம் போய், நான் எல்லாருக்கும் காட்டப் போகிறேன், உங்கள் பேரும் வரும் என்று சொன்னாள். இராஜம்மா குடித்துக்கொண்டிருந்த பாட்டிலை மூடி வைத்தாள். காட்டு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லீலாவதியைத்தான் முதலில் கூட்டிப்போனாள். அவள் பார்த்தாள், குழந்தையைத் தோளில் அழுத்திக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். அவள் போய்ச் சொல்ல, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிலிம் கைக்குக் கை மாறியது. பார்த்தவர்கள் துப்பினார்கள். சிலர் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். மண்டோர் உடையப்பனும் வந்து கூட்டத்தில் நின்றார்.

ஐயாவு என்கிற பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பினால் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறைகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டார். படம் அந்தத் தாளுக்குள்தான் இருக்கிறது, இது ராவாங் கம்பெனியில் செய்கிற ஏமாற்று என்றார். கங்கா கயிற்றையும் கம்பியையும் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். வெளிச்சம் நடுங்குகிறதா என்று யாரோ கேட்க, கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உடையப்பனும் சிரித்தார். தன் வாயில் வார்த்தை குழம்புவதை கங்காவே உணர்ந்தாள். 

லோரி ஓட்டுகிற சேது, பேச்சை நிறுத்தலாமே, கம்பு விட்டுப் பார்த்தால் போகிறது என்று சொல்லிவிட்டு, செம்பனைக் குலை வெட்டுகிற நீளக் கம்பு ஒன்றை எடுத்துவந்தார். நுனியில் வளைந்த அரிவாள். பிலிமை ஒரு கண்ணில் பிடித்துக்கொண்டு, கங்கா இடம் காட்டினாள். கம்பு இறங்கியது. துழாவியது. கொக்கியில் ஏதோ சிக்கி, சேது காலை ஊன்றி இழுத்தார்.

தோம்பு கரைக்கு வந்தது. பாசியும் சேறும் வழிய, வாயிலிருந்து கருநீலமாக ஏதோ கொப்புளித்தது. அதன் பின்னாலேயே இற்ற சாக்கும் இழுபட்டு வந்தது. நாற்றம் ஆளைத் தள்ளியது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்கள் மேல் சாய்ந்தார்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்தன. பெரியவர்களும் எடுத்தார்கள். ஐயாவு தோம்பின் மேலிருந்த மண்டையோட்டுப் படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.  எத்தனை வருடமாக எத்தனை குடம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் நினைத்துக்கொண்டது போல முகங்கள் கோணிக் கிடந்தன.

யார் போட்டது என்று லீலாவதியின் புருஷன் தனபாலன்தான் கேட்டான். உடையப்பன் தரையில் காறித் துப்பினார். மனுசன் செய்யிற வேலையா இது என்றும் சொன்னார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த இராஜம்மா முன்னால் வந்தாள்.

“நாங்கதான் போட்டோம். இந்தா நிக்கிறாரே மண்டோரு, இவரு போடச் சொன்னாரு, போட்டோம். நாயப் போட்டது நாங்க இல்ல, அது யாருன்னு எனக்குத் தெரியாது. தோம்பு பூராவும் நாங்க போட்டதுதான். நானும் அந்தத் தண்ணியிலதான் சோறாக்கித் தின்னேன்.”

மருந்தடிக்கிற மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உடையப்பன், நான் புதைக்கச் சொன்னேன், இந்தப் பொம்பளைகள் சோம்பேறித்தனத்தில் இங்கே கொண்டுவந்து அமுக்கிவிட்டார்கள் என்றார். கூட்டம் அவரையும் பார்த்தது, இராஜம்மாவின் நகமில்லாத விரல்களையும் பார்த்தது. பிறகு நடந்ததைத்தான் கங்காவால் கடைசிவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. கூட்டம் மண்டோரை நம்பியது. நம்பியது என்றுகூடச் சொல்ல முடியாது. அவரை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நாளைக்கும் அவரிடம்தான் பெயர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டும். இராஜம்மாவைப் பார்த்து ஒருத்தி துப்பினாள். அதைப் பார்த்து இன்னொருத்தியும் துப்பினாள்.

அன்றிலிருந்து லயத்தில் மருந்தடிக்கிற பெண்கள் கொடுத்த தண்ணீரை யாரும் வாங்கவில்லை. அவர்களும் அதே குழாயில்தான் பிடித்தார்கள். கோயிலில் அவர்கள் வைத்த பொங்கல் அப்படியே ஆறிக் கிடந்தது. முன்பு கங்காவின் குமட்டலைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குளத்தைக் கடக்கும்போது அல்ல, இராஜம்மாவைக் கடக்கும்போது. மற்றவர்கள் செய்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமாக வீட்டுக்குள் தானும் இதையேதான் செய்தோம் என்பது கங்காவுக்கு உறைத்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, பிசைந்து கொடுங்கள் என்று கேட்டாள். இராஜம்மா கொடுத்தாள். முதல் கவளம் தொண்டையில் நின்றது. கண்ணீரோடு அதை விழுங்கினாள். இரண்டாவதும் சுலபமாக இறங்கவில்லை. குமட்டல் மனது சொன்னால் கேட்கிற சமாச்சாரமில்லை.

சேது சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்கத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, தோம்பையே லோரியில் ஏற்றிக்கொண்டு போய் சுகாதார இலாகா ஆட்கள் முன்னால் இறக்கிவிட்டார். அவர்கள் வந்தார்கள். தண்ணீரைக் கண்ணாடிக் குப்பிகளில் பிடித்துப் போனார்கள். மோட்டாரை நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் தண்ணீர் வண்டி வந்தது. பிறகு பெரிய சாலையிலிருந்து குழாய் இழுத்தார்கள். பிள்ளைகளின் சிரங்கு ஆறத் தொடங்கியது. குளத்திலிருந்து அள்ளிய தோம்புகளை ஏற்றிச் செல்ல லோரி பல நடை போக வேண்டியிருந்தது. கடைசியில் குளத்தையே மண் கொட்டித் தூர்த்தார்கள்.

புதுக் குழாய் திறப்பதற்கு ஒரு விழா வைத்தார்கள். குழாய்க்கு மாலை, கற்பூரம். சிவானந்தம் நிர்வாகத்தின் பெருந்தன்மையைப் பற்றியும், சுத்தம் எப்படித் தெய்வத்துக்குச் சமம் என்பது பற்றியும் நெடுநேரம் பேசினார். முதல் குவளைத் தண்ணீரை உடையப்பனுக்குக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். லீலாவதியும் தட்டினாள். மருந்தடிக்கிற பெண்கள் அன்றைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். தண்ணீர் உண்மையிலேயே தெளிவாக வந்தது. கங்காவால் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. அவர்கள் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்ட அழகைப் பார்க்கப் பார்க்க, குளத்தின் அடித்தரை தேவலை என்று தோன்றியது.

அடுத்த மாதமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராவாங்குக்குப் போய்விட்டாள். ஒரு கடைவீட்டு மாடியில் ஓர் அறை. இராஜம்மா கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, கீழே இருந்த சீனர் கடையில் நெத்திலி ஆய்கிற வேலைக்குச் சேர்ந்தாள். விழுந்த நகங்களில் ஒன்று வளர்ந்தது. மற்றது கோணலாக வந்து நின்றுவிட்டது. மூக்கில் இரத்தம் வருவது நின்றது. இருமல் நிற்கவில்லை. தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் ஆள் வந்து கூப்பிடும். தாய் போவாள், மகள் போக மாட்டாள்.

நான்கு வருடம் கழித்து ராவாங் பேருந்து நிலையத்தில் உடையப்பன் அவளைப் பார்த்துவிட்டார். தலை நரைத்து, கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். வேறொரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம், அங்கேயும் மண்டோர்தானாம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம். பத்திரிகையை நீட்டிக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக, அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இந்தப் புள்ளையாலதான் நம்ம தோட்டத்துக்குப் பைப்புத் தண்ணியே வந்துச்சு. நாங்க எல்லாரும் சேந்துதான் போராடுனோம், என்ன கங்கா?”

அவருடைய முகத்தில் வெட்கம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கங்கா நன்றாகப் பார்த்தாள். இல்லை. சொன்னதை அவரே நம்பிக்கொண்டிருந்தார். அவள் பத்திரிகையை வாங்காமல், வந்து நின்ற பேருந்தில் ஏறி, மறுபக்கத்து ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.